எண்ணெய்க்கு ஆகாத ரப்பர்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருக்கும் பகலவன் இருபத்திரண்டு வருஷமாக ரப்பர் பிரஸ் ஓட்டுகிறவர். திருவொற்றியூரில் ஒரு சின்ன கம்பெனி. வாஷர், புஷ், குழாய்க்குப் போடும் வளையம் என்று அச்சில் ரப்பரை வைத்து வேகவைத்து எடுப்பது அவர் வேலை. போவதும் வருவதும் சைக்கிளில். கன்டெய்னர் லாரிகள் அரைத்துப்போட்ட ரோட்டில் ஓட்டி ஓட்டி, நாற்பது வயதிலேயே அவருக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன. அந்த வலியில் பிறந்ததுதான் அந்த யோசனை.

இரண்டு இரும்புத் தகடு, நடுவில் கைமுட்டி அளவு ரப்பர், மூன்றும் பிரியாதபடி ஒன்றாக வெந்தது. அதை சைக்கிளின் முன் ஃபோர்க்கில் பொருத்தினார். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அடி ரப்பரிலேயே அடங்கிவிடும், கைக்கு ஏறாது. அவர் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. பார்த்தவர்கள் குஷன் என்றார்கள். ஷிப்ட் முடிந்தபின் பிரஸ்ஸை உபயோகித்துக்கொள்ள முதலாளி விட்டார். இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு சைக்கிளுக்கு மாட்டிக் கொடுத்தார்.

பிறகு ஒரு கார். நெட்டுக்குப்பத்து எபினேசருடையது, பழைய சின்ன கார். அவர் அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்றவர், ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. போகிற வழியெல்லாம் கத்துவார். பகலவன் மூன்று மாசம் மெனக்கெட்டு, பின் சக்கரங்களின் ஸ்ப்ரிங் பட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு பெரிய ரப்பர் கட்டைகளை வைத்தார். முதல் நாள் எர்ணாவூர் பாலம் தாண்டியும் பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்துபோய் எபினேசர் திரும்பிப் பார்த்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

2023 டிசம்பரில் புயல் மழை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கறுப்பு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கோடு நின்றது. ஜனங்கள் பாத்திரத்தைத் தேய்த்தார்கள், வலையைத் தேய்த்தார்கள், சைக்கிளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள்.

ஜனவரி கடைசியில், கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று ஒரு சைக்கிள் பகலவனிடம் வந்தது. குஷனைக் கழற்றிப் பார்த்தார். வெளியே கறுப்பாக, பளபளப்பாக, புதுசு மாதிரி இருந்தது. பிளேடால் கீறினார். உள்ளே கொழகொழவென்று அல்வா பதத்தில் இருந்தது. தகட்டிலிருந்து பாதி பிரிந்திருந்தது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் போட்டது சாதா ரப்பர். எண்ணெய்க்கு ஆகாது. பிரஸ் ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம்தான். சைக்கிளுக்கு எங்கிருந்து எண்ணெய் வரப்போகிறது என்று நினைத்திருந்தார்.

எண்ணிப் பார்த்தார். அது போக இன்னும் பத்தொன்பது சைக்கிள் எண்ணெயில் நின்றவை. அப்புறம் அந்தக் கார்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குஷனைக் கழற்ற ஒருத்தரும் கொடுக்கவில்லை. எர்ணாவூரில் லாரி டிரைவர்களுக்கு சைக்கிளில் டீ விற்கும் மஜீது சிரித்தார்.

"இன்னா மாமு, இப்பதான் மெத்த மேரி கீது. டீ ஒரு சொட்டு சிந்தல. இத்தப் போயி கழட்டணும்ன்றியே?"

"அதான் மஜீது எனக்கு பயமா கீது. அது இளகிகினு வருது."

"இளகுனா நல்லதுதானே?"

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ரப்பர் உள்ளே கெடக் கெட, சவாரி இன்னும் சொகுசாகிக்கொண்டே போனது. 

மனைவி ரமாபாய்தான் சொன்னார்: "யோவ், நீ வாயால சொன்னா எவன் நம்புவான்? அத்த எடுத்துகினு போயி காட்டு."

கீறின துண்டை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று. ஏழு பேர் கழற்றிக் கொடுத்தார்கள். மஜீது அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த வாரம் முடியவில்லை. புதன்கிழமை காலை, கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் குஷன் பிரிந்து மஜீதின் முன் சக்கரம் ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டது. டீ கேனோடு லாரிக்கு அடியில் விழுந்தார். லாரி நின்றுகொண்டிருந்ததால் உயிர் தப்பியது. தோள் எலும்பு உடைந்தது, கொதிக்கிற டீ கை முழுக்கக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் பகலவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஹவுசிங் போர்டு வாசலில் பத்து சைக்கிள் நின்றன. கொண்டுவந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றை அதன் சொந்தக்காரர் மாத்தூரில் யாருக்கோ விற்றிருந்தார். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்றே மறுபடியும் நெட்டுக்குப்பம் போனார். காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். இடது பக்கக் கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி.

"எபினேசரு, இன்னிக்கே எடுத்துரணும்."

சிலுவையம்மாள் கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "கழட்டிட்டு?"

"பழைய பட்டையப் போட்டுர்றேம்மா."

"அதுல என்னால போவ முடியாது தம்பி. வூட்லயே கெடந்து சாவுன்றியா?"

"வண்டியில சாவக் கூடாதும்மா."

எபினேசர் அம்மாவைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கழற்றியபோது இடது கட்டை கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. வலது கட்டை உறுதியாக இருந்தது. எவ்வளவு கீறிப் பார்த்தும் உள்ளே ஒரு குறையும் இல்லை. ஒரே அச்சு, ஒரே எண்ணெய். ஏன் அப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவரை அதிகமாக பயமுறுத்தியது.

பழைய பட்டையில் கிளம்பிய முதல் வாரமே சிலுவையம்மாள் எர்ணாவூர் பாலத்தில் அலறி, வண்டி திரும்பிவிட்டது. அப்புறம் அவர் போகவில்லை. கால்கள் மெலிந்தன. பகலவன் முதலாளியிடம் கெஞ்சி, எண்ணெய் தாங்கும் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். அது தகட்டில் லேசில் ஒட்டாது. நான்கு தடவை வேகவைத்து, நான்கையும் தானே அறுத்துத் தூக்கிப்போட்டார். ஐந்தாவதை ஒரு மாசம் எண்ணெய் வாளியில் ஊறப்போட்டு, தினமும் போய் அழுத்திப் பார்த்தார்.

ஜூலையில் புதுக் கட்டைகளை மாட்டினார். சிலுவையம்மாளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். கார் நகரும் முன் அவர் கேட்டார்:

"இது எம்மா நாளு தாங்கும்?"

"தெரியலம்மா."

"போன தபா நல்லா தாங்கும்னு சொன்னியே."

"சொன்னேன்."

அந்த அம்மாள் கார்க் கதவைக் காட்டினார். "அப்போ நீயும் ஏறு."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் பகலவன் அரை நாள் லீவு போடுகிறார். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே காரின் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறார். சிலுவையம்மாள் இப்போது வண்டியில் தூங்குவதில்லை.  பகலவன் வலது உள்ளங்கையைத் தரைத் தகரத்தில் அழுத்தி வைத்து, ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் கவனித்துக்கொண்டே வருகிறார். ஓட்டம் கொஞ்சம் மெத்தென்று தோன்றினால் போதும், "எபினேசரு, ஓரங்கட்டு" என்கிறார்.