மதினி என்று கூப்பிட்டவள்

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது எஸ்தர் வீட்டுப் பழக்கம். "சீட்டாடப் போற மனுஷனுக்கு நல்ல புத்தியத் தாரும் ஆண்டவரே" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எதிரே அப்பாவும் வேறு வழியில்லாமல் ஆமென் போடுவார்.

இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, தெப்பக்குளத்துப் பக்கம் வாடகை வீட்டில் எஸ்தரும் தம்பி ஜெர்சனும்தான். அவள் மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க். வயது முப்பத்தாறு. அவன் மேலூர்ப் பக்கம் கல் லாரி ஓட்டினான். ஆவணியில் ஒரு சாயங்காலம், சைக்கிளில் வந்த பேயாண்டி என்பவர் மேல் லாரியை ஏற்றிவிட்டு, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான். பேயாண்டி அந்த இடத்திலேயே இறந்துபோனார். அன்றைக்கு வண்டியை ஓட்டிப் போனது யார் என்று தெரியாது என லாரி முதலாளி கைவிரித்தார்.

ஜெர்சன் எங்கே என்று போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டது. "தெரியாது சார்" என்றாள் எஸ்தர். தெரியும். வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை பார்க்கும் கூட்டாளியின் அறையில் இருந்தான். சரணடைந்துவிடு என்று போனில் மன்றாடுவாள். "கிறிஸ்மஸ் முடியட்டும்க்கா" என்பான்.

ஐப்பசியில், ஆரப்பாளையம் திருமணத் தகவல் மையத்தில் அவள் விவரத்தைப் பார்த்ததாகப் புதிதாக இருவர் வந்தார்கள். பெரியவர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் சாமுவேல் என்றார். கூட வந்த பிரியா மாப்பிள்ளையின் தங்கச்சி. மாப்பிள்ளைக்குத் திருச்சியில் ரயில்வே வேலை. போட்டோவில் கொஞ்சம் பயந்தவர்போல இருந்தார். அந்தப் பயம் எஸ்தருக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது, பிரியா அடுப்படிக்கே வந்து வெங்காயம் உரித்தாள்.

"மதினி, எங்கண்ணே கொறட்ட விடும். இப்பவே சொல்லிட்டேன், பின்னாடி எங்கள வையக் கூடாது."

எஸ்தர் சிரித்தாள். இம்புட்டு வருஷத்தில் அந்த முறை சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"நீங்களும் எதாச்சும் இருந்தாச் சொல்லிருங்க மதினி. ஒளிச்சு வச்சா உறுத்திக்கிட்டே கெடக்கும்."

கிளம்பும்போது, "ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார் மாமா. எஸ்தர் முக்காடு போட்டுக் கண்ணை மூடினாள்.

"குடிச்சிட்டு வண்டியோட்டி ஒரு உசுரப் போக்கின என் தம்பிய மன்னியும் ஆண்டவரே. வேடசந்தூர் மில்லுப் பக்கம் கூட்டாளி ரூம்புல ஒளிஞ்சு கெடக்கான். சரணடைய அவனுக்குத் தைரியந் தாரும். இந்தக் குடும்பத்துக்கிட்ட மறைக்க எனக்கு மனசில்ல."

மாமாதான் சத்தமாக ஆமென் சொன்னார். பிரியா தலை நிமிராமல், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த செல்போனை எடுத்தாள்.

மறுநாள் ஜெர்சனைப் பிடித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சாமுவேல் மாமா சீருடையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் உக்கிரபாண்டி என்ற பெயர். பக்கத்தில் நெற்றியில் பொட்டோடு பிரியா. அவள் பெயர் சத்யப்ரியா, கான்ஸ்டபிள்.

"தம்பி ஓட்டுனதையும் ஒளிஞ்ச எடத்தையும் நானே விரும்பி வந்து சொன்னேன்னு எழுதிக் குடுத்துரும்மா. பெறகு உன்னைய அலைய விட மாட்டோம்" என்றார் அவர்.

"நான் உங்ககிட்டச் சொல்லல சார்."

"பெறகு யாருகிட்டச் சொன்ன?"

"கண்ண மூடிக்கிட்டுச் சொன்னேன்."

"நாங்களுந்தான் மூடியிருந்தோம்" என்றார் உக்கிரபாண்டி. அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். சத்யப்ரியா சிரிக்கவில்லை.

"பேயாண்டி சம்சாரம் அன்னக்கொடி மூணு மாசமா இந்த பெஞ்சுலதான் வந்து உக்காந்துட்டுப் போகுது, மதி..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தெரியாதுன்னு நீங்க ரெண்டு தடவ சொன்னீங்கள்ல, அது மட்டும் என்னவாம்?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் எஸ்தருக்கு நெஞ்சு ஆறவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அந்தப் போட்டோவுல இருக்கிறவரு யாரு?"

"எங்க டிரைவரோட மச்சான். அவருக்கு இது எதுவுந் தெரியாது."

எஸ்தர் தாளை வாங்கி, பள்ளிக்கூடத்துக் கடிதம்போல வரிசையாக எழுதினாள். எத்தனை தடவை வந்தார்கள், என்ன முறை சொல்லி அழைத்தார்கள், யார் ஜெபம் பண்ணச் சொன்னது, யார் ஆமென் சொன்னது எல்லாவற்றையும். கடைசியில், 'நானாக வந்து சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

உக்கிரபாண்டி படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இத நீயே வச்சுக்க. இது இல்லாட்டியும் கேசு நிக்கும்."

நின்றது. அவள் ஜெபத்தில் சொன்ன குடியும் சேர்ந்துகொண்டதில் ஜாமீனும் கிடைக்கவில்லை. மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்க எஸ்தர் சிறைக்கு இரண்டு தடவை போனாள். ஜெர்சன் அவளைப் பார்க்க வரவில்லை. மூன்றாவது தடவை, வயதான வார்டர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வர மாட்டேங்கிறாப்லம்மா. உங்கக்காதான் சொல்லுச்சுன்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்காங்க. மாப்பிள்ள கிடைக்கணும்னு என்னயக் காட்டிக் குடுத்துட்டாங்கிறாப்ல."

எஸ்தர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். "இத அவன்கிட்டக் குடுங்கய்யா."

"காயிதமெல்லாம் உள்ள விட மாட்டாக."

"நீங்களாச்சும் படிச்சுட்டுப் போய்ச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரிவரை படித்துவிட்டு, தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தார்.

"பொண்ணு பாக்க வந்தவுகன்னு நம்பித்தான சொல்லியிருக்கீக. ஒங்க தம்பி சொல்றதும் அதத்தானம்மா."

எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் நின்ற பெண் தன் சீட்டை வார்டரிடம் நீட்டி, "கொஞ்சம் தள்ளிக்கங்கக்கா" என்றாள்.