விளம்பரத்து வீட்டு பெல்

டிவியில் ஒரு ஸ்மார்ட் காலிங் பெல் விளம்பரம் வருகிறதே, மகள் ஆபீஸில் இருந்தபடியே போனில் பார்த்து அப்பாவுக்குக் கதவைத் திறப்பாளே, அதேதான். அந்த பெல் சத்தமும் எங்கள் வீட்டு பெல் சத்தமும் அச்சு அசல் ஒன்று.

ஏமாந்து ஏமாந்து, இப்போதெல்லாம் பெல் அடித்தால் யாரும் எழுந்து போவதில்லை.

இன்று காலை பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போன அப்பா மதியம் ஆகியும் வரவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டார். பயத்தில் நியூஸ் சேனலைப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையாரே, அவரைப் பத்திரமா கொண்டுவந்து விடு, உனக்கு தேங்காய் உடைக்கறேன்" என்றாள்.

பெல் அடித்தது.

"விளம்பரம்டி. சத்தத்தைக் குறை" என்றாள் அம்மா.

மறுபடியும் அடித்தது. டிவியில் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது! பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

வியர்வையில் குளித்து நிற்கிறார் அப்பா. "கோயில்ல பழைய சினேகிதனைப் பார்த்தேன், காபி குடிச்சோம். அப்புறம் ரோடெல்லாம் ஒரே பிளாக். கோயில்லேர்ந்து இங்கே கரமனை வரைக்கும் நடந்தே வந்தேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டிவிக்காரி ஆபீஸ்லேர்ந்தே அப்பனுக்குக் கதவைத் திறக்கறா. நீங்க ரெண்டு பேரும் ஹால்லதானே இருந்தேள்?" என்றார் அப்பா.

அம்மா வேண்டிக்கொண்ட தேங்காயை நாளைக்கு அவரே போய் உடைத்துவிட்டு வருவாராம். அதற்குள் பெல்லை மாற்ற ஆள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.