மஞ்சள் பனியன்

என் அலமாரியில் ஒரு மஞ்சள் பனியன் இருக்கிறது. என்னுடையதல்ல. எங்கள் போர்மேன் ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு ஓடியது. வாங்கிக் கொடுத்தவன் நான். வேறு நிறத்தில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடங்களாக யோசிக்கிறேன், விடை கிடைத்தபாடில்லை.

எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். போர்மேன், கிருஷ்ணகிரியில் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வியாபாரம் பிடிக்காமல் இரும்புக்கு வந்தவர். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் 'பாய்'தான். நாற்பதைத் தாண்டியும் தினமும் விடிகாலையில் வெறுங்காலோடு தொழிற்பேட்டையைச் சுற்றி ஓடுவார். தெருநாய்களே அவரைப் பார்த்துக் குரைத்து அலுத்துப்போயிருந்தன. மெஷினில் யாராவது எலுமிச்சம்பழம் கட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். பிய்த்தெறிந்துவிட்டு, "எண்ணெய் போடுங்கடா, பழம் கட்டாதீங்க" என்பார்.

கிருஷ்ணகிரியில், போலியோவால் கால் சூம்பிய குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நடந்து பழக அங்கே ஓர் அறை இல்லை. பாய் மேனேஜரிடம் போய்க் கேட்டார். மேனேஜர் தட்டிக்கழிக்கத்தான் சொன்னாரோ என்னவோ, "கிருஷ்ணகிரி வரைக்கும் நிக்காம ஓடுங்க பாய். நடுவுல நின்னாலும் நடந்தாலும் பேச்சு கிடையாது. ஓடி முடிச்சா கம்பெனியே கட்டிக் கொடுக்கும்" என்றார். பாய் சரி என்றுவிட்டார்.

லாரிக்காரர்கள் கண்ணில் பட வேண்டுமே என்று நான் மஞ்சள் பனியன் எடுத்தேன். எங்கள் பட்டறையில் மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. மெஷின் மூடியும் தரைக்கோடும் அந்த நிறம்தான். அதற்கு வேறு பொருளும் உண்டென்பது, அம்மன் திருவிழா பார்த்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை. ஓட்டத்தை எங்கள் வார விடுமுறையில் வைத்தோம். அன்று வழியில் குந்தாரப்பள்ளிச் சந்தை என்பதும் யாருக்கும் நினைவில்லை.

நான் தண்ணீரோடு சைக்கிளில் பக்கத்திலேயே போனேன். பின்னால், அவர் நிற்கிறாரா என்று பார்த்தபடி கம்பெனி ஜீப். சூளகிரியில் ஓர் அம்மாள் குடத்தோடு ஓடிவந்து அவர் காலில் மஞ்சள் நீரை ஊற்றிக் கும்பிட்டாள். மஞ்சள் துணி, வெறுங்கால், வேர்வை. வேண்டுதல்காரர் என்று நினைத்துவிட்டாள். "ஏம்ப்பா, நான் யாருன்னு அவங்ககிட்டச் சொல்லுப்பா" என்றார் பாய். "வெயிலுக்கு நல்லதுதான், ஓடுங்க பாய்" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

குந்தாரப்பள்ளியில் மாடும் மனிதர்களுமாகச் சாலை அடைத்துக் கிடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, நான்கு வயதிருக்கும் குழந்தையை அவர் வழியில் குறுக்கே படுக்க வைத்தாள். வேண்டுதல்காரர் தாண்டினால் நோய் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குழந்தையின் ஒரு கால் குச்சியாக இருந்தது. "தாண்டுங்க சாமி! எம்புள்ளைக்குக் காலு வரட்டும் சாமி!" என்று அழுதாள், இடையிடையே தெலுங்கிலும் ஏதோ சொன்னாள்.

பாய் நிற்கவில்லை. நின்றால் அறை போய்விடும், சுற்றிப் போகவும் கூட்டத்தில் வழியில்லை. இருந்த இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி ஓடியபடி என்னைப் பார்த்தார். "என்னப்பா பண்றது?" அந்த முகத்தில் அப்படியொரு குழப்பத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஜீப் ஹாரன் அடித்தது. கிருஷ்ணகிரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். "தாண்டுங்க பாய்" என்றேன்.

காலை அகல வைத்துத் தாண்டினார். அந்தத் தாய் அவர் மிதித்த மண்ணை எடுத்துப் பிள்ளையின் காலில் பூசினாள். அதன் பிறகு நான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை. கிருஷ்ணகிரி எல்லையில் மாலை போட்டார்கள். மாலைக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்: "யாருக்காக ஓடினேனோ, அந்தப் புள்ளையவே தாண்டிட்டு வந்துட்டேம்ப்பா."

அறை கட்டினார்கள். பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நடந்தார்கள், கண்ணால் பார்த்தேன். ஆனால் பாய், இல்லத்தில் சேர்க்கும் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாயைத் தேடி ஏறக்குறைய ஒரு வருடம் அந்தச் சந்தைக்குப் போனார். நானும் போனேன். கெலமங்கலத்திலிருந்தும் வருவார்கள், ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் வருவார்கள். அவள் எந்த ஊரோ? யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வரும். அவர்மேலா, அவள்மேலா, என்மேலா என்றுதான் புரியாது.

பாய் ஓய்வு பெற்றபின் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். முட்டி தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "நீ வாங்கினது, நீயே வச்சுக்க" என்று பனியனைக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர், வீட்டார் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் தாண்டினேன்ல, அந்தப் புள்ளைக்குக் கால் வந்திருக்குமாப்பா?"

எலுமிச்சம்பழத்தைப் பிய்த்தெறிந்த மனிதர்! "வந்திருக்கும் பாய்" என்றேன்.

இன்று அந்தச் சாலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் மஞ்சள் சட்டைதான் போட்டிருக்கிறார்கள், யாரும் கும்பிடுவதில்லை. பனியனை வெளியே எடுக்கும் நாட்களில், அவருக்குச் சொன்ன அதே பதிலை நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு மடித்து வைத்துவிடுகிறேன்.