பெரியம்மா உட்கார்ந்த நாற்காலி

எங்கள் வீட்டை அருங்காட்சியகமாக்கித் திறந்த அன்று ஊரே திரண்டு வந்திருந்தது. அரியலூரில் வாடகைக்குக் குடியேறியிருந்த நாங்களும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். நான் பிறந்த வீட்டுக்குள் போக வரிசையில் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு கொடுத்துப் பெரிய ஆளான என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு அது. பர்மா தேக்குத் தூண்கள். கலெக்டர் துரை வந்தால் உட்காரச் சீமையிலிருந்து தருவித்த நாற்காலிகள். கடைசியில் உடைந்த கூரை ஓடுகளை மாற்றக்கூட எங்களால் முடியவில்லை. அப்பா பங்காளிகளிடம் பேசி, வீட்டை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

அந்த வீட்டை விட்டுக் கடைசியாக வெளியேறியவர் பெரியம்மா, காலஞ்சென்ற பெரியப்பாவின் மனைவி. திறப்பு அன்று அவர் நேரே சமையலறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அடுப்பு இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. எங்கள் பக்கம் கடலாக இருந்த காலத்துக் கிளிஞ்சல்கள் கல்லாகி அதற்குள் கிடந்தன. புகை படிந்த சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பெரியம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

கூடத்துச் சுவரெல்லாம் எங்கள் வீட்டு ஆண்களின் படங்கள். வழிகாட்டி ஒருவர் அவர்களுடைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா தடுப்புக் கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போய், கொள்ளுத்தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காவலாளி ஓடிவந்தார். “எந்திரிங்கம்மா. அதுல உக்காரக் கூடாதுங்க.”

“செத்த இருக்கேன் தம்பி. வாக்கப்பட்டு வந்த நாளா இந்தக் கூடத்துல நான் உக்காந்ததே இல்ல.”

யாரோ சிரித்தார்கள். காவலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா அதட்டப்போகிறார் என்று நான் பயந்தேன்.

“இருக்கட்டும் சார்” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்லா சாஞ்சு உக்காருங்க அண்ணி” என்றார்.

பெரியம்மா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாவம், கால்வலி போல என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. “நீங்களும் உக்காருங்கப்பா” என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். பெரியம்மா தானாக எழுந்திருக்கும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.