வலப்பக்கம் தள்ளு

சுபஸ்ரீ இன்னொரு கம்பியைக் கொன்றாள். திரையில் அறுபத்துநான்கு கட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். ஒரு கோட்டைச் சிவப்பாக்கிவிட்டு எழுந்து, அறைக்குள் ஒரு சுற்று நடந்து வந்து பார்த்தாள். செய்தி வேறு வழியில் போய்ச் சேர்ந்திருந்தது. உடனே அடுத்ததைக் கொன்றாள். காலையிலிருந்து இதே வேலை. அம்மா வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

நகத்தளவு சிப்புக்குள் அறுபத்துநான்கு குட்டி மூளைகள் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. நடுவில் ஒரு கம்பி செத்தாலும் பேச்சு நிற்கக் கூடாது. அதற்கு மாற்றுவழி போடத்தான் சுபஸ்ரீக்குச் சம்பளம். ஆபீஸ் பெங்களூரில், இவள் வேலம்பாளையத்தில், அப்பா தனபாலின் பனியன் கம்பெனி மாடியில். தொழில் குணம் வீட்டிலும் விடாது. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டென்று பெருமைப்பட்டபோது, "அதும் போச்சுனா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவர்கள் அப்புறம் வரவில்லை. இவளுக்கும் அதில் பெரிய வருத்தமில்லை.

இந்தச் சிப்புக்கு அவள் எழுதிய விதி கீழ்த்தளத்திலிருந்து வந்தது. தையல் லைனில் ஒரு மெஷின் நின்றால் துணிப் பண்டலை வலப்பக்கத்து மெஷினுக்குத் தள்ள வேண்டும். தனபால் இருபது வருஷமாக வைத்திருக்கும் முறை, யாருக்கும் சண்டையில்லை. கம்பி செத்தால் வலப்பக்கம் திரும்பு என்று அதையே இவள் எழுத, ஆபீசில் 'சுபஸ்ரீ விதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் பிரேக்கை இயக்கப்போகும் சிப் என்றதும் தனபாலுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம லைனு இனி பஸ்ஸுல ஓடுதுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

இன்னும் இரண்டு நாளில் சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போக இருந்தது. போனபின் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

மூன்று மணிக்கு, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டை ஒன்றாகக் கொன்றாள். எல்லாம் நின்றது. நான்கு செய்திகள் வலப்பக்கம் திரும்பி, முன்னால் நிற்பது நகரட்டும் என்று வட்டமாக நின்றுவிட்டன. எட்டு முறை ஓட்டியும் அதே வட்டம்.

அப்பாவின் லைன் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கி ஓடினாள். லைனில் ஒரு மெஷின் நின்றிருந்தது. வலப்பக்கத்து மெஷினிலும் வேலை குவிந்திருந்ததால், டெய்லர் அன்புசெல்வி பண்டலைத் தரையில் இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். சிப்புக்குள் இறக்கிவைக்கத் தரை கிடையாது.

"ஏங் கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்றார் தனபால்.

"நம்ம முறை அங்க ஆகாதுங்கப்பா. பஸ்ஸு நிக்காமப் போயிரும்."

அவர் லைனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சொல்லிப்போடு கண்ணு."

பெங்களூர் மேனேஜர் மாரிச்செல்வம், கோவில்பட்டிக்காரர், போனில் பதறவே இல்லை. "ரெண்டும் ஒண்ணாச் சாகுறது லட்சத்துல ஒண்ணும்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கிடலாம்."

"அந்த ஒண்ணும் பஸ்தானுங்க சார்."

மாரிச்செல்வம் தனக்கு மட்டும் மெயில் போடச் சொன்னார். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நின்றபடியே போனில் மெயிலை அடித்தாள். விதி தவறு, எழுதியது நான், வரைபடத்தை அனுப்ப வேண்டாம். பெறுநர் இடத்தில் மாரிச்செல்வம் மட்டும் இருந்தார், மாற்றுவழி இல்லாத ஒற்றைக் கம்பியாக. அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் சிப்பை வாங்கப்போகும் பஸ் கம்பெனி இன்ஜினியரின் முகவரியையும் சேர்த்து அனுப்பினாள்.