ஈர்க்கில் எடுத்த அளவு

உக்குவளைப் பக்கம் வந்து நல்ல துவக்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், போன வருசம் வரைக்கும் என் வீட்டைத்தான் கை காட்டியிருப்பார்கள். நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிளகுக்கொடி ஏற்றத் தொடங்கியபோது என்னிடம் ஒரு கத்தியும் ஒரு சாக்கும்தான் இருந்தன. இன்றைக்குப் பன்னிரண்டு ஏக்கர் மிளகு, நடுவில் கொக்கோ, காயவைக்கச் சீமெந்துத் தரை, ஏற்றிப்போக லொறி. யாரும் தூக்கிவிட்டு வந்ததில்லை. துவக்கும் அப்படித்தான். எந்தத் துரையின் பங்களா வாசலில் என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாரோ, அந்தத் துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது தன்னுடைய பொயிண்ட் டூ டூ ரைபிளை முறைப்படி என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். லைசன் புதுப்பிக்க ஒரு வருசம் தவறியதில்லை.

போல்டைத் தூக்கி இழுத்து, ஒவ்வொரு ரவையாகப் போட்டுச் சுடுகிற சாதி அது. தோளில் அணைத்துக் கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிறோமே, அந்த மரப்பகுதியை நாங்கள் கட்டை என்போம். யாழ்ப்பாணத்து ஆட்கள் சோங்கு என்பார்கள். என் துவக்கின் கட்டை வால்நட் மரம். துரையின் கன்னமும் என் கன்னமும் உரசி உரசிக் கறுத்துப்போன மரம். ஐப்பசி மழைக்கு ஊதிக்கொண்டு குழலில் முட்டும், அப்போது ரவை இடப்பக்கம் போகும். எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு வலப்பக்கம் பிடித்துச் சுடுவேன். வேறு ஒருவரால் அந்தத் துவக்கால் சுட முடியாது.

எங்கள் கிளப் கூடுவது கைவிட்ட கல்லுடைக்கும் குழி ஒன்றில். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு காலையில். ஆறு பாய் வரிசையாக விரித்திருக்கும், படுத்துச் சுடுவதற்கு. வலது கோடியில் உள்ள முதல் பாய்க்கு மட்டும் மாரா மர நிழல் விழும். வருசக் கடைசிப் போட்டியில் கூடிய புள்ளி எடுத்தவருக்கு அடுத்த வருசம் முழுக்க அந்தப் பாய். அவர் முதல் ரவையைச் சுட்ட பிறகுதான் மற்றப் பாய்களில் சத்தம் கேட்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கோயிலில் முதல் மரியாதைக் காளாஞ்சி யாருக்கு என்று எழுதியா வைத்திருக்கிறார்கள்? ஏழு வருசம் அந்தப் பாயில் நான் படுத்தேன்.

இரண்டாம் பாயில் ஒரு நில அளவையர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு மாத்தளைக்கு வந்து, பென்சன் எடுத்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டவர். நெட்டை மனிதர், மெல்லிய பேச்சு. அவருடைய துவக்கும் என்னுடையதும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி. ஆனால் அவர் சுடுவது சுமார். படுத்தால் தலை சரியாக இறங்காது. அரை மணித்தியாலம் அசைந்து அசைந்து கிடப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். தோற்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நாலைந்து மாதம் அவர் வரவில்லை. கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு வந்தார். உறையைத் திறந்தார். பழைய மரக்கட்டை இல்லை. சாம்பலும் கறுப்புமாக அடுக்கடுக்காக மரத்தகடுகளை ஒட்டிச் செய்த புதுக்கட்டை. கன்னம் வைக்கும் இடம் தனியாக மேலே எழும்பி நின்றது, திருகினால் ஏறும், இறங்கும். பின்னால் தோளில் படும் பக்கத்திலும் தகடு வைத்து நீட்டிக்கொள்ளலாம்.

பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலைச் சுற்றி நிற்பதுபோல எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். கிளப்புக்குப் பொறுப்பான சார்ஜன் மாத்தயா, பட்டாளத்தில் இருந்து வந்த சிங்களவர், யாரையும் இலேசில் புகழாதவர், அவரே குனிந்து பார்த்து, "ஹரி லஸ்ஸனாய்!", சரியான வடிவு என்றார். நான் என் பாயிலேயே இருந்தேன். கண் இலக்கு அட்டையில், காது அங்கே.

ஹாட்வெயார் கடை நானா விடவில்லை; முஸ்லிம் ஆட்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். "என்ன முதலாளி, உங்கட கட்டைக்கும் இனிப் பென்சன் குடுக்கலாம் போல."

"பென்சன் எடுக்கிறது கவர்மெண்ட் ஆளுங்க, நானா. என் கட்ட இன்னும் வேலைக்குப் போகுது" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குப் பயிற்சியில் அளவையர் என்னைவிட நாலு புள்ளி கூட எடுத்தார். ஏழு வருசத்தில் முதல் தடவை.

வீட்டில் பலாக்காய்க் கறி. சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியாது. மனைவி இலேசாகப் பார்த்துவிட்டு, "யாரு ஜெயிச்சாங்க?" என்றாள். நாற்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்தியவள். கேள்வியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். "பயிற்சிக்கு எவன் புள்ளி பாக்குறான்" என்றேன். "அப்ப ஏன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள்.

படுத்தாலும் அந்தச் சாம்பல் நிறம். மிளகு பறிக்கையில் அந்தச் சாம்பல் நிறம். என்னிடம் இல்லாத லொறியை ஒருவன் வாங்கினால் எனக்கு ஒன்றும் செய்யாது, நான் இரண்டு வாங்குவேன். இது வேறு. என் பாய்க்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு நேரே, என்னுடைய துவக்கே அழகாகி வந்து படுத்திருந்தது.

நானும் வாங்குவதென்று முடிவு செய்தேன். ஆனால் கட்டை வாங்குவது சட்டை வாங்குவதுபோல இல்லை. நீளம் ஒரு விரல் கூடினால் விசைக்கு விரல் எட்டாது. கன்னமேடு அரை விரல் கூடினால் கண் குறிக்கு மேலே நிற்கும். சரியான அளவு எது? எனக்கு எழுத்து வாசிப்பு குறைவு. அவர் வாழ்நாள் முழுக்க அளந்தவர். காணி அளந்து, ரோட்டு அளந்து, ஆறு அளந்தவர் தன் துவக்கையா பிழையாக அளந்திருப்பார்? புத்தகத்தில் இருக்கிற அளவுதான் அவர் வைத்திருப்பார் என்று நினைத்தேன். வெளியே படிப்பில்லாததைப் பெருமையாகச் சொல்கிறவன்தான் நான். உள்ளே, படித்தவன் போட்ட கோட்டை மீற என் கைக்கு வராது.

அடுத்த தடவை, தேநீருக்கு எல்லோரும் கொட்டகைக்குப் போன நேரம், துவக்குகள் போல்ட் திறந்தபடி தட்டியில் சாத்தியிருந்தன. அடுத்தவர் துவக்கைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது கிளப்பின் முதல் கட்டுப்பாடு. நான் கை வைக்கவில்லை. சட்டைப்பையில் கொண்டுபோன தென்னை ஈர்க்கைப் பக்கத்தில் பிடித்து, விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை ஒரு நகக்கீறல், கன்னமேட்டின் உயரத்துக்கு இன்னொரு நகக்கீறல். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பிளேன்டீ குடித்தேன். அளவையர் சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

கொழும்பில் உரிமம் உள்ள துவக்குக் கடைக்கு என் துவக்கோடும் லைசனோடும் போனேன். கடைக்காரர் மூன்று கட்டைகளை மேசையில் வைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் ஒன்று. தட்டிப் பார்த்தால் தண்ணீர்ப் பீப்பாய் மாதிரிச் சத்தம். வால்நட் ஒன்று, நல்ல மரம், ஆனால் மாத்தளை மழைக்கு அதுவும் ஊதும். மூன்றாவது அடுக்குத் தகடு ஒட்டியது, சிவப்பும் மண்ணிறமும். துவக்கை அதில் பொருத்தி, குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கடதாசியை விட்டு இழுத்துக் காட்டினார். தடங்கல் இல்லாமல் ஓடியது. சாம்பல் நிறமும் இருந்தது. அவரைப் பார்த்து வாங்கியதாகச் சொல்லிவிடுவார்களே என்று சிவப்பையே எடுத்தேன்.

"தோள்ல வச்சுப் பாருங்களே ஐயா. உங்கட ஒடம்புக்குத் தகடு வச்சுத் தாறேன்."

"வேண்டாம் நானா. அளவு கொண்டாந்திருக்கேன்" என்று ஈர்க்கை நீட்டினேன்.

அவர் ஈர்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குள்ளம், கழுத்து தோளுக்குள் இருக்கும். "இது யார்ட அளவு ஐயா?"

"அளவு அளவுதான். அதுபடி வைங்க."

வைத்துக் கொடுத்தார்.

இரண்டு கிழமை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, ரவை இல்லாமல், போல்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்துப் பழகினேன். கன்னத்தை வைத்தால் கண் குறிக்கு மேலே ஏறி நின்றது. குறியைப் பிடிக்கக் கன்னத்தைச் சரித்துக் கழுத்தை முறுக்கினேன். விசையை எட்ட முழங்கையை இழுத்தேன். பழகினால் வரும் என்று எனக்கு நானே சொன்னேன். பிடரி கல்லாகிப் போனது. மனைவி கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே, "கொக்கு மீன் பாக்குற மாதிரி நீட்டுறீங்க. ஆண்டவன் உங்களுக்குக் கொக்குக் கழுத்தா குடுத்தான்?" என்றாள்.

கிளப்புக்குக் கொண்டுபோன அன்று சிவப்புக் கட்டையைச் சுற்றி நின்றார்கள். நானா வாயைப் பிளந்தார். அந்த ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு சுட்டேன். இரண்டு ரவை அட்டையிலேயே இல்லை. காற்று என்றேன். மாரா மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

எல்லோரும் அட்டை பார்க்கப் போனபின் அளவையர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. கன்னமேடு உங்களுக்கு நல்லா உயர்ந்து கிடக்கு. ஆர் இப்பிடி வைச்சுத் தந்தது?"

"கடக்காரர்தாங்க ஐயா."

"எனக்கு இவ்வளவு உயரம் வேணும். கழுத்தெலும்பிலை ஒப்பரேசன் செய்து தகடு வைச்சிருக்கு. குனிய ஏலாது. கன்னத்தைச் சோங்குக்குக் கொண்டு போக ஏலாட்டி, சோங்கைக் கன்னத்துக்குக் கொண்டு வரத்தானே வேணும்." மெல்லச் சிரித்தார். "உங்கட காளைக் கழுத்துக்கு இது என்னத்துக்கு?"

சிரிக்க முயற்சி செய்தேன். பையில் ஈர்க்கு இருந்தது. ஒரு நோயாளியின் கழுத்துக்கு எடுத்த அளவில் இரண்டு கிழமை என் கழுத்தை முறித்துக்கொண்டேன். வெட்கம் வந்தது. பொறாமை குறையவில்லை, அதுதான் ஆச்சரியம். வருத்தக்காரர் என்று தெரிந்த பிறகும் அவர் புள்ளி என் புள்ளியைவிடக் கூடத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் மனைவிதான் சரிசெய்ய உதவினாள். "கண்ண மூடிக்கிட்டுத் தோதாப் படுங்க. மொகத்த நீங்க பாட்டுக்கு வைங்க. ம், இப்பத் தொறங்க. என்ன தெரியுது?" "செவரு." "குறி தெரியலையா?" "குறிக்கு மேல செவரு." ஒரு திருகு இறக்கினேன். மறுபடி மூடினேன். நாலாவது தடவை கண்ணைத் திறந்தபோது குறி நேரே நின்றது. பின்னால் வைத்த மூன்று தகட்டில் இரண்டைக் கழற்றினேன். ஈர்க்கை அவள் எடுத்து விளக்குமாற்றில் செருகிவிட்டாள். அதற்குப் பிறகு கட்டை என்னுடையதானது. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை நானும் அவரும் மாறி மாறி ஒன்று இரண்டு புள்ளியில் முந்தினோம்.

மார்கழியில் கடைசிப் போட்டி. விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் அளவையர் துவக்கை என்னிடம் நீட்டினார். போல்ட் திறந்திருந்தது. கூடவே ஒரு சின்னச் சாவி.

"அண்ணை, கீழ் ஆணி இளகின மாதிரிக் கிடக்கு. எனக்குக் குனிஞ்சு பாக்க ஏலாது. ஒருக்கா இறுக்கிவிடுவியளோ?"

குழலைக் கட்டையோடு பிடித்து வைத்திருப்பதே அந்தத் திருகாணிதான். கால் சுற்று குறைத்து விட்டால் போதும்; பத்தாவது ரவைக்குள் குறி ஒரு நகக்கண் அளவு அலையும். யாருக்கும் தெரியாது. மழை ஈரம் என்பார்கள். தைமாதம் கேட்காமல் ஈர்க்கு வைத்து அளந்த துவக்கை, அவரே கேட்டு என் கையில் தந்திருந்தார். சாம்பல் நிறக் கட்டை கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கையில் வைத்து அதை அன்றுதான் பார்த்தேன். அழகுதான்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். முக்கால் சுற்றில் கை நின்றது. நின்ற கையை நானே பார்த்தேன். ஆசை முழுக்க அங்கேயே நிறுத்தச் சொன்னது. பிறகு, இளகிய ஆணியில் ஜெயித்த பாயில் ஒரு வருசம் எப்படிப் படுப்பேன் என்று யோசித்தேன். மரநிழல் சுடும். மிச்சக் கால் சுற்றையும் போட்டு, முன் ஆணியையும் சரிபார்த்துக் கொடுத்தேன்.

"பெரிய உபகாரம் அண்ணை."

"சும்மா போங்க ஐயா."

இரண்டு புள்ளியில் அவர் ஜெயித்தார். என் கடைசி ரவை கொஞ்சம் இடது. காற்றும் இல்லை, மரமும் ஊதவில்லை, நான்தான். சார்ஜன் மாத்தயா புள்ளிகளை வாசித்து முடித்ததும், அளவையர் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் நிழல்லையே இருங்கோ. எனக்கு வெயில் பழக்கம். எத்தினை காணி அளந்திருப்பன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லை விழுங்குவதைவிடத் தோல்வியை விழுங்குவது சுலபமாக இருந்தது. "மொறன்னா மொறதாங்க" என்று சொல்லி, என் பாயை நானே சுருட்டி இரண்டாம் இடத்தில் விரித்தேன்.

இப்போது தை. ஞாயிறுகளில் அவர் முதல் ரவையைச் சுடும் வரை நான் கன்னத்தைச் சிவப்புக் கட்டையில் வைத்துக் காத்துக் கிடக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் மாரா மர நிழல் கொஞ்சம் என் பாய்க்கும் வரும். வந்தாலும் அது அவருடைய நிழல்தான். மார்கழிக்குப் பதினொரு மாதம் இருக்கிறது.