ஐம்பத்தொரு ஜோடிக் கடிதங்கள்

வானொலி நிலையத்தின் கடிதப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்த அந்தப் பெண்மணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் குண்டூசி அக்கா. ஒரு நேயர் இரண்டாம் முறை எழுதினால், அவருடைய முதல் கடிதத்தைத் தேடி எடுத்து, புதியதை அதன் பின்னால் வைத்து ஒரு குண்டூசியைக் குத்திவிடுவார். பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். பள்ளிப்படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. எண்ணிக்கை முறைகளை நூலகத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து தாமாகவே கற்றார். அதை நான்காம் முறை இரவல் கேட்டபோது, "நீங்களே வெச்சுக்கோங்கம்மா, வேற யாரும் இதைத் தொடறதில்லை" என்றார் நூலகர். அதையும் எழுத்தில் வாங்கி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்தார் அக்கா.

இப்படிப்பட்டவர் மேல்தான் கடிதங்களை மறைத்ததாகப் பழி வந்தது.

இடியும் மின்னலுமாகப் பாடிப் பெயரெடுத்த ஒரு ராக் இசைக்குழு, யாரும் எதிர்பாராத வகையில் ஓர் அமைதியான ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. பாதிப் பாடல்களில் டிரம்ஸே இல்லை. தொண்டை கிழியப் பாடிப் பழகிய பாடகர், பக்கத்து அறையில் கைக்குழந்தை உறங்குவதுபோல் அடங்கிப் பாடியிருந்தார். நிலையம் அந்தப் பாடல்களைப் புதன்கிழமைதோறும் ஆறு வாரம் ஒலிபரப்பி, நேயர்களிடம் கருத்துக் கேட்டது. கடிதங்கள் வந்து குவிந்தன.

"இடி இடிக்கும் என்று குடையோடு வந்தேன், தூறல்கூட இல்லை" என்று எழுதினார் ஒருவர். "இவர்களுக்கு உடம்பு சரியில்லையா? யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று அக்கறையோடு விசாரித்தார் இன்னொருவர். லாரி ஓட்டுநர் ஒருவர், "தூக்கம் வராமலிருக்க உங்கள் பாட்டைப் போடுவேன். இனி இதைப் போட்டால் வண்டி பள்ளத்தில்தான் நிற்கும்" என்றார். நான்காம் வாரம் அதே ஓட்டுநரிடமிருந்து மற்றொரு கடிதம் வந்தது: "சரக்கு இறக்கி முடித்த பிறகும் வண்டியிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய கடிதத்தைக் கிழித்துவிடவும்."

அக்கா எதையும் கிழிப்பவர் அல்லர். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

மொத்தம் நூற்று எண்பத்தொன்பது கடிதங்கள். அவற்றை வாங்கிப்போன நிகழ்ச்சித் தயாரிப்பாளர் குண்டூசிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கடிதங்களைத் திட்டு ஒரு பக்கம், பாராட்டு ஒரு பக்கம் என்று இரண்டு கட்டாகக் கட்டினார். பிடிக்காதவர் நூற்று முப்பத்தொருவர், பிடித்தவர் ஐம்பத்தெட்டுப் பேர் என்று வானொலியிலும் அறிவித்துவிட்டார். அக்காவின் அறிக்கையிலோ பிடிக்காதவர் எண்பது பேர்தான். கணக்கு ஏன் உதைக்கிறது என்று மேலிடம் கேட்டது. "அக்காவுக்கு அந்த ஆல்பம் ரொம்பப் பிடிக்கும்போல, அதான் ஐம்பது அறுபது கடிதத்தைக் காணோம்" என்று சொல்லித் தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொண்டார். நேயர் கருத்தை மறைத்ததாக அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அவரைப் பார்சல் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

அக்கா அழவில்லை. மெமோவின் பின்புறம் பெற்ற தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார். பதினாறு ஆண்டு நாற்காலி அது. அதைவிட, பொய்க் கணக்கு எழுதியவர் என்ற பேச்சோடு ஓய்வுபெற அவருக்குச் சம்மதமில்லை. நிலைய மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்: மாதாந்திரக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும்.

செய்தி கேட்டு முதலில் பதறியவர், லேத் பட்டறையில் வேலை செய்யும் அவருடைய தம்பி.

"அக்கா, என் லெட்டரும் அதுல இருக்குமே."

"ரெண்டும் இருக்கு. நாப்பதாம் நம்பர்."

"அதை மட்டும் உருவிடேன். மொதல்ல திட்டிட்டு அப்புறம் நல்லாருக்குன்னு எழுதினேன்னு தெரிஞ்சா, பட்டறையில என்னை ஓட்டியே கொன்னுடுவாங்க."

"உருவினா கணக்குல ஒண்ணு குறையும்டா."

"தம்பி மானத்தைவிட உனக்குக் கணக்கு பெருசா?"

"மானம் போகாம நான் பாத்துக்கறேன். கணக்குல கை வைக்க மாட்டேன்."

கூட்டத்துக்கு அவர் பதிவேட்டையும் ஓர் உறையையும் மட்டுமே எடுத்துப் போனார். கடிதக் கட்டுகள் தயாரிப்பாளரின் அலமாரியிலிருந்து வர வேண்டும், முடிச்சையும் அவரே அவிழ்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார்.

"ஐம்பத்தொரு பேர் ரெண்டு தடவை எழுதியிருக்காங்க, மேடம்" என்று தொடங்கினார். "அதுல நாப்பத்தாறு பேர் முதல்ல திட்டினவங்க, நாலஞ்சு வாரம் கேட்டப்புறம் மனசு மாறினவங்க. மீதி அஞ்சு பேர் ரெண்டு தடவையும் திட்டினவங்க. இவர் ஆளை எண்ணல, காகிதத்தை எண்ணிட்டார். அந்த நூத்தி முப்பத்தொண்ணுல ஐம்பத்தொரு காகிதத்தைக் கழிச்சா எண்பது வந்துடும்."

"பதிவேடு உங்க கையில இருக்கு, அக்கா. எப்ப வேணும்னாலும் எழுதிக்கலாமே" என்றார் தயாரிப்பாளர்.

"எழுதிக்கலாம் தம்பி. உங்க அலமாரியில பூட்டி வெச்ச காகிதத்துல நான் ஓட்டை போட முடியுமா? மேடம், இதுல ரெண்டு தடவை எழுதினவங்கள்ல ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

பதிவேட்டைப் புரட்டிய மேலாளர் விரல் வைத்த இடம், நாற்பது.

அக்கா ஒரு நொடி தயங்கினார். "அது என் தம்பி எழுதினது. வீட்டு ஆளைச் சாட்சிக்கு எடுக்கறது சரியில்லை. கணக்குல இருக்கட்டும், நீங்க வேற நம்பர் சொல்லுங்க."

மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொண்ணூற்று நான்கு என்றார். அது லாரி ஓட்டுநருடையது. ஒரு கடிதம் ஒரு கட்டிலிருந்தும் மற்றது அடுத்த கட்டிலிருந்தும் வந்தன. மேலாளர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குண்டூசி நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் இரண்டு தாள்களிலும் அச்சுப் பிசகாமல் பொருந்தி, இரண்டு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. அடுத்து ஆறு ஜோடிகளைப் பார்த்தார். எல்லாம் அப்படியே.

"அது சரி" என்றார் தயாரிப்பாளர், சுருதி இறங்கி. "அந்த ஆல்பம் உங்களுக்குப் பிடிக்கும்ங்கறது பொய்யில்லையே?"

அக்கா உறையைப் பிரித்தார். கணக்கில் சேராதவை என்று எழுதிய கோப்பிலிருந்து எடுத்த தாள் அது. ஊழியர் கருத்து எண்ணிக்கையில் வரக் கூடாது என்று அவரே ஒதுக்கி வைத்தது. முதல் வாரத்துத் தேதி முத்திரையின் கீழே அவர் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: "உப்பில்லாத பண்டம். மறுமுறை போட வேண்டாம்."

"இப்பவும் எனக்குப் பிடிக்கல" என்றார். "ஆறு வாரமும் கேட்டேன். மாறல. மாறினவங்களை மாறலன்னு நான் எப்படி எழுத முடியும்?"

தயாரிப்பாளர் எழுந்து பக்கத்தில் வந்தார். "தப்பு என்னோடதுதான் அக்கா. மன்னிச்சிடுங்க."

"சரி தம்பி. அதை எழுதிக் கொடுத்துடுங்க."

மேலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை திருத்தம் ஒலிபரப்பானது. பிடிக்காதவர் எண்பது, பிடித்தவர் ஐம்பத்தெட்டு, அந்த ஐம்பத்தெட்டில் நாற்பத்தாறு பேர் மனம் மாறியவர்கள். அன்று மாலை தம்பி வந்து வாசலிலேயே கேட்டார்: "என் பேர் வெளிய வந்துச்சா?"

"வரல."

"நல்லவேளை. பட்டறையில இன்னிக்கு ரேடியோவைக் கேட்டுட்டு, எவன்டா அந்த மானங்கெட்ட நாப்பத்தாறு பேருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அந்தப் பட்டறையின் முகவரியிலிருந்து மட்டும் மனம் மாறிய கடிதங்கள் மூன்று வந்திருந்தன. அக்கா அதைச் சொல்லவில்லை. நேயர் விவரம் வீட்டுக்கு வரக் கூடாது.

கடிதப் பிரிவு நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்த அன்று அவர் செய்த முதல் வேலை, மெமோவைக் கோப்பிலிருந்து எடுத்ததுதான். அதை ரத்து செய்யும் உத்தரவின் எண்ணையும் தேதியையும் முத்திரையையும் ஒருமுறை சரிபார்த்தார். அனுப்பியவர் அதே அலுவலகம், இது இரண்டாம் கடிதம். மெமோவின் பின்னால் வைத்து, ஒரு குண்டூசியைக் குத்தினார்.